எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிவது உயிரணுவா, உலோகமா?

படிவம் நான்கு உயிரியல் பாடநூலைப் புரட்டினால் உயிரணுவின் படம் கண்ணைப் பறிக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆரஞ்சு, கோல்கி உறுப்புக்குப் பச்சை, சவ்வுக்கு மஞ்சள் என்று ஓவியர் தாராளமாக வண்ணம் பூசியிருப்பார். அந்த ஓவியங்களுக்கு மூலமானவை ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்கள். ஆய்வகங்களில் இக்கருவியைச் சுருக்கமாக டி.இ.எம். என்பார்கள். மூலப் படங்களில் கறுப்பு, சாம்பல், வெள்ளை தவிர வேறு நிறமே கிடையாது. அந்தக் கறுப்பும் பெரும்பாலும் உயிரணுவுக்குச் சொந்தமானதில்லை. ஆய்வகத்தில் நாம் ஏற்றிய ஆஸ்மியம், யுரேனியம், ஈயம் ஆகிய கன உலோகங்களின் கறுப்பு அது.

பினாங்கில் இப்படியொரு கருவி உள்ள ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. பார்க்க வருகிற மாணவர்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கருவியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் இருக்கும் குப்பிகளையும் கத்தியையும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உயிரியல் மாதிரியைப் பொறுத்தவரை, படம் நன்றாக வருமா வராதா என்பது அந்தப் பக்கத்து அறையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையிலும் கருவியைப் பற்றிக் கொஞ்சமும், பக்கத்து அறையைப் பற்றி நிறையவும் சொல்லப்போகிறேன்.

முதலில், சாதாரண நுண்ணோக்கி ஏன் போதவில்லை? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஏறக்குறைய 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால், சாதாரண ஒளி நுண்ணோக்கியில் அவை ஒரே புள்ளியாகக் குழம்பிவிடும். எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானியர் 1873இலேயே இந்த எல்லையைச் சொல்லிவிட்டார். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் படம் பெரிதாகுமே தவிரத் தெளிவாகாது. சிவப்பணுவின் அகலம் ஏழெட்டு மைக்ரோமீட்டர், அதாவது 7,000 நானோமீட்டருக்கு மேல். ஆகவே அது நன்றாகத் தெரியும். மைட்டோகாண்ட்ரியா ஒரு சிறு கோடாகத் தெரியும், அதற்குள் இருக்கும் மடிப்புகள் தெரியாது. பெரும்பாலான வைரஸ்கள் அறவே தெரியாது. உயிரணுச் சவ்வின் தடிமன் 7 நானோமீட்டர் அளவுதான். அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டுமானால் ஒளியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும்.

அந்த வேறொன்றுதான் எலக்ட்ரான். துகள்களுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924இல் லூயி தெ பிராய் எழுதினார். 1,00,000 வோல்ட் கொடுத்து விரட்டப்படும் எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர். பெர்லினில் எர்ன்ஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931இல் காந்தச் சுருள்களையே லென்ஸாக வைத்து முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியைக் கட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் ரஸ்காவின் அடுத்த கருவி ஒளி நுண்ணோக்கியை மிஞ்சியது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காக்க வைத்துவிட்டார்கள்! இதில் உயிரியலுக்கு நன்மை செய்தவர் ரஸ்காவின் தம்பி ஹெல்முட். அவர் மருத்துவர். வைரஸைப் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது என்று ஆரம்பத்திலேயே உணர்ந்தவர். புகையிலை மொசைக் வைரஸின் படம் 1939இல் வெளிவந்தபோது அதில் அவருடைய பெயரும் இருந்தது.

கருவியின் அமைப்பு கேட்பதற்கு எளிது. உயரமான தூண். உச்சியில் எலக்ட்ரானை உமிழும் இழை. வழியில் காந்த லென்ஸ்கள். நடுவில் மாதிரி. அடியில் திரை அல்லது கேமரா. எலக்ட்ரான்கள் மாதிரியை ஊடுருவிக் கீழே வருகின்றன. தடையில்லாமல் வந்த இடம் வெளிச்சமாகவும், சிதறடிக்கப்பட்ட இடம் இருட்டாகவும் பதிவாகும். எலக்ட்ரான் காற்றில் மோதித் திசைமாறிவிடும் என்பதால் தூணுக்குள் காற்றே இருக்கக்கூடாது. எந்நேரமும் வெற்றிடம்.

"அக்கா, இதில் பாக்டீரியா நீந்துவதைப் பார்க்க முடியுமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியாது. காரணம் அந்த வெற்றிடம். உயிருள்ள எதுவும் பெரும்பகுதி தண்ணீர்தான். வெற்றிடத்தில் வைத்த கணமே தண்ணீர் கொதித்து ஆவியாகி, உயிரணு சுருங்கிச் சிதைந்துபோகும். இது முதல் இடைஞ்சல். இரண்டாவது, எலக்ட்ரானால் தடித்த பொருளை ஊடுருவ முடியாது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் 80 முதல் 120 கிலோவோல்ட்டில் மாதிரியின் தடிமன் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடைஞ்சலைப் பலர் யோசிப்பதே இல்லை. உடலில் இருப்பவை பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், நைட்ரஜன். எல்லாமே இலேசான அணுக்கள். இவை எலக்ட்ரானை அதிகம் சிதறடிக்காது. அப்படியே உள்ளே வைத்தால் சவ்வும் புரதமும் சுற்றியுள்ள வெற்றிடமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும்.

பக்கத்து அறையில் நடக்கும் அத்தனை வேலையும் இந்த மூன்று இடைஞ்சல்களுக்கான பதில்தான்.

திசுவை வெட்டி எடுத்த நிமிடத்திலிருந்து அதன் உயிரணுக்கள் கெடத் தொடங்குகின்றன. இரத்த ஓட்டம் நின்றதும் மைட்டோகாண்ட்ரியா வீங்க ஆரம்பித்துவிடும். எனவே எடுத்த கையோடு குளுட்டரால்டிஹைடு கரைசலில் போட வேண்டும். மூக்கைத் துளைக்கும் இந்தத் திரவம் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இருந்தது இருந்தபடி நிறுத்திவிடும். ஆனால் இது திசுவுக்குள் மெல்லத்தான் இறங்கும். துண்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால், வெளிப்புறம் நிலைப்பட்டு நடுப்பகுதி அழுகியிருக்கும். கட்டைவிரல் அளவு கல்லீரலைக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அடுத்து ஆஸ்மியம் டெட்ராக்ஸைடு. இதன் ஆவி கண்ணின் கருவிழியைப் பாதிக்கும். ஆகவே ஆவியுறிஞ்சி பெட்டிக்கு வெளியே இந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது. இது கொழுப்போடு சேர்ந்துகொள்ளும். சவ்வுகள் கொழுப்பால் ஆனவை என்பதால் ஆஸ்மியம் அங்கே போய்த் தங்கிவிடும். வெளிர் நிறத்தில் இருந்த திசுத் துண்டு ஓரிரு மணி நேரத்தில் கரித்துண்டு போலக் கறுத்துவிடும். பாடநூலில் சவ்வு இரண்டு இணைகோடுகளாகத் தெரிகிறதே, அது ஆஸ்மியம் வரைந்து கொடுத்த கோடு.

பிறகு தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 30 விழுக்காடு, 50, 70, 90 என்று படிப்படியாக எத்தனாலின் செறிவை ஏற்றி, கடைசியில் தூய எத்தனால். ஒரேயடியாகத் தூய எத்தனாலில் போட்டால் திசு சுருங்கிவிடும். நம் ஊரின் ஈரக்காற்று இங்கேதான் குறுக்கே வரும். தூய எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலப் பினாங்கில் நாள் முழுக்கத் திறந்தும் மூடியும் வைத்த புட்டியை "தூயது" என்று நம்பிவிடக்கூடாது. மிச்சமிருக்கும் கொஞ்சம் தண்ணீர் போதும், அடுத்து ஊற்றும் எபாக்ஸி பிசின் சரியாக இறுகாது. பிசின் திசுவுக்குள் முழுவதும் ஊறியபின், 60 டிகிரி சூட்டில் ஓரிரு நாள் வைத்தால் கட்டியாக இறுகும். இப்போது நம் கையில் இருப்பது விரல் நுனியளவு பிளாஸ்டிக் கட்டி. அதன் முனையில் கறுப்பாக ஒரு துளி திசு.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. கட்டியை 70 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். இதற்கென்று ஒரு சீவுகருவி இருக்கிறது. அதன் கை மேலும் கீழும் போய்வரும், ஒவ்வொரு முறையும் நானோமீட்டர் கணக்கில் முன்னேறும். சாதாரண எஃகுக் கத்தி இதற்கு உதவாது. கண்ணாடியை உடைத்து அந்த உடைந்த விளிம்பால் சீவலாம், அல்லது வைரக் கத்தியால் சீவலாம். வைரக் கத்தி ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலை. அதன் விளிம்பில் விரல் பட்டால் விரலுக்கும் கேடு, கத்திக்கும் கேடு. கத்தியின் பின்புறம் சின்னத் தொட்டி ஒன்றில் வடிநீர் இருக்கும். சீவிய இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தண்ணீரின்மேல் மிதந்து வரும்.

அவற்றின் தடிமனை எந்த அளவுகோலாலும் அளப்பதில்லை, நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம். மழை நின்ற தார்ச்சாலையில் எண்ணெய்ப் படலம் வண்ணம் காட்டுகிறதே, அதே காரணத்தால் மிதக்கும் இழையும் வண்ணம் காட்டும். வெள்ளி நிறமென்றால் ஏறத்தாழ 60 முதல் 90 நானோமீட்டர், நமக்கு வேண்டியது இதுதான். தங்க நிறமென்றால் கொஞ்சம் தடிப்பு. ஊதா என்றால் தள்ளிவிட வேண்டியதுதான். இழைகளை ஒழுங்குபடுத்தக் குச்சி நுனியில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடியைப் பயன்படுத்துகிறோம். கேலி செய்யவில்லை, உலகம் முழுக்க இதுதான் கருவி. இத்தனை மென்மையும் இத்தனை விறைப்பும் ஒருசேர வேறெதிலும் எளிதில் கிடைப்பதில்லை. ஏர்கண்டிஷனர் காற்று நேராகப் பட்டாலும், யாராவது கதவைப் படாரென்று சாத்தினாலும் இழையில் தடிப்பும் மெலிவுமாக வரி விழும். அதன்பின் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலையொன்றை இடுக்கியால் பிடித்து இழைகளை ஏந்தி எடுக்க வேண்டும்.

கடைசியாகச் சாயம். யுரேனைல் அசிடேட், அதன்பின் ஈய சிட்ரேட். யுரேனியமும் ஈயமும் புரதம், நியூக்ளிக் அமிலம், சவ்வு ஆகியவற்றில் வெவ்வேறு அளவில் ஒட்டும். எங்கே அதிகம் ஒட்டியதோ அங்கே எலக்ட்ரான் சிதறும், படத்தில் அது கருமையாக விழும். ஈய சிட்ரேட்டோடு வேலை செய்யும்போது அதன்மேல் மூச்சுவிடக்கூடாது. மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு ஈயத்தோடு சேர்ந்து ஈயக் கார்பனேட்டாகப் படிந்துவிடும். அதனால் மூடிய தட்டுக்குள் சோடியம் ஹைட்ராக்ஸைடு வில்லைகளைச் சுற்றி வைத்து, அங்கிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை அவை உறிஞ்சிக்கொள்ளும்படி செய்கிறோம். அப்படியும் தப்பி வந்த கரும்புள்ளிகளைப் பார்த்து "வைரஸ் கிடைத்துவிட்டது" என்று துள்ளிய மாணவர்கள் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிகிறது? சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கண்ணிமை வீங்குகிறது, கால் வீங்குகிறது, சிறுநீரில் புரதம் கொட்டுகிறது. இத்தகைய பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். சரிவராவிட்டால்தான் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுப்பார்கள். அந்தத் திசுவைப் பங்கிட்டு, ஒரு பகுதியை ஒளி நுண்ணோக்கிக்கும், ஒரு பகுதியை ஒளிர் சாயச் சோதனைக்கும், ஒரு பகுதியை எங்கள் போன்ற இடத்துக்கும் அனுப்புவார்கள். பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாக வரும் ஒரு வகை நோயில், ஒளி நுண்ணோக்கி அறிக்கை "குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்றே சொல்லும். நோயின் பெயரே குறைந்தபட்ச மாற்ற நோய்தான்.

டி.இ.எம். படத்தில் கதை வேறு. இரத்தத்தை வடிக்கும் நுண்குழாயின் வெளிப்புறத்தில் போடோசைட் என்ற உயிரணுக்கள் கால்பதித்து உட்கார்ந்திருக்கும். ஆரோக்கியமான சிறுநீரகத்தில் அந்தக் கால்கள் சின்னச் சின்னதாக, இடையில் சீரான இடைவெளியோடு வரிசையாகத் தெரியும். அந்த இடைவெளி சில பத்து நானோமீட்டர்தான். நோயுற்ற சிறுநீரகத்தில் கால்கள் தட்டையாகி ஒன்றோடொன்று இணைந்து ஒரே பட்டையாகப் படர்ந்திருக்கும். வடிகட்டி கெட்டுப்போனதன் அடையாளம் அது. மேரிலின் ஃபார்குவாரும் சக ஆய்வாளர்களும் இதை 1957இலேயே படம் பிடித்துக் காட்டினார்கள். இதே மாற்றம் வேறு சில சிறுநீரக நோய்களிலும் வரும் என்பதால் படத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்டிவிட முடியாது. மற்ற இரண்டு பங்கின் முடிவையும் பக்கத்தில் வைத்துத்தான் நோயியல் மருத்துவர் தீர்மானிப்பார். அதே படத்தில், நுண்குழாய்க்கும் அந்தக் கால்களுக்கும் இடையிலுள்ள அடித்தளச் சவ்வின் தடிமனையும் அளக்கலாம். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 300 முதல் 400 நானோமீட்டர். நீரிழிவில் அது தடிக்கும். அல்போர்ட் என்ற பரம்பரை நோயில் ஏடு ஏடாகப் பிளந்து காணப்படும்.

வைரஸைப் பார்க்க மேலே சொன்ன நெடிய வேலை எப்போதும் தேவைப்படுவதில்லை. 1959இல் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹோர்னும் எளிய முறையொன்றைப் பரவலாக்கினார்கள். மெல்லிய படலம் போட்ட வலையில் ஒரு துளி மாதிரி, அதன்மேல் கன உலோக உப்புக் கரைசல் ஒரு துளி, வடிகட்டித் தாளால் ஒற்றி எடுத்து உலர்த்தினால் முடிந்தது. உலோகம் வைரஸைச் சுற்றித் தேங்கிவிடும். இருண்ட பின்னணியில் வைரஸ் வெளிச்சமாகத் தெரியும். சில நிமிட வேலை. ஒரே குறை, மில்லிலிட்டருக்கு இலட்சக்கணக்கில் வைரஸ் இருந்தால்தான் வலையில் ஒன்றாவது கண்ணில் படும்.

இதன் அருமை நம் நாட்டுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1998 பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணையாளர்களிடையே மூளைக்காய்ச்சல் தொடங்கியபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. கொசுமருந்தும் தடுப்பூசியும் நோயை நிறுத்தவில்லை. 1999 மார்ச்சில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு அதைக் கொண்டுபோய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தட்டம்மை வைரஸின் இனத்தைச் சேர்ந்த உருவம் தெரிந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் 50 நானோமீட்டர் அளவுள்ள சிறு உருண்டை. இது அதைவிடப் பெரியது, ஒழுங்கற்ற வடிவம் கொண்டது, உள்ளே மீன்முள் போன்ற அமைப்புடையது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் கவனம் திரும்ப இந்தக் கண்டுபிடிப்பு பெரிதும் துணைநின்றது. நோய் கண்ட 265 பேரில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. வைரஸுக்கு அந்தக் கிராமத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

உருவம் தெரிந்தால் இனம் தெரியும். இது டி.இ.எம்.மின் பெரிய பலம். என்ன தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் பி.சி.ஆர். சோதனை பயன்படும். நுண்ணோக்கிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பலத்தைச் சொன்னபின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கனத்துண்டை 70 நானோமீட்டர் தடிமனில் முழுவதும் சீவினால் 14,000க்கும் மேற்பட்ட இழைகள் கிடைக்கும். நாம் பார்ப்பது அதில் சில. அந்தச் சிலவற்றிலும் சில மூலைகள். "நூறு உயிரணுக்களைப் பார்த்தேன்" என்று ஓர் ஆய்வேடு சொன்னால், அவை ஒரே துண்டிலிருந்தா, வெவ்வேறு துண்டுகளிலிருந்தா என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் நிறைய விஷயம் வெளிப்படும்.

இன்னொன்று, இல்லாததும் தெரியும். 1950களிலிருந்து பாக்டீரியாவின் சவ்வு உட்புறமாக மடிந்து சுருண்டிருப்பதைப் பலரும் படம் பிடித்தார்கள். அதற்கு மீசோசோம் என்று பெயர் வைத்து, சுவாசம் முதல் உயிரணுப் பிரிவு வரை பல வேலைகளை அதன் தலையில் கட்டினார்கள். பாடநூல்களிலும் அது ஏறியது. பின்னர் இரசாயனம் எதுவும் இல்லாமல் அதிவேகமாக உறைய வைத்த பாக்டீரியாவைப் பார்த்தபோது மீசோசோமைக் காணோம். நிலைப்படுத்தும் திரவமே சவ்வைச் சுருட்டிவிட்டிருக்கிறது! பழைய வினாத்தாள் தொகுப்புகளில் இன்றும் அது தலைகாட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த அதிவேக உறைய வைத்தல் இன்று தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. தண்ணீர் பனிப்படிகமாக மாற அவகாசம் கொடுக்காமல் கண்ணாடி போல இறுக வைத்து, சாயமே இல்லாமல், அதே குளிரில் வைத்துப் பார்ப்பது. இதற்காக டுபோஷே, ஃபிராங்க், ஹென்டர்சன் மூவருக்கும் 2017இல் வேதியியல் நோபல் கிடைத்தது. தனிப்பட்ட புரதங்களின் வடிவத்தை அணு அளவில் அறிய அதுவும் ஒரு முக்கிய வழி. சிறுநீரகத் திசு போன்ற அன்றாட மருத்துவ வேலைக்கு இன்னும் ஆஸ்மியமும் பிசினும் வைரக் கத்தியும்தான்.

பள்ளித் திட்டத்துக்கோ இளங்கலை ஆய்வுக்கோ ஒரு மாதிரியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு. மாதிரியை எடுத்தபின் ஆய்வகத்தைக் கூப்பிடாதீர்கள், எடுப்பதற்கு முன்பே கூப்பிட்டு நிலைப்படுத்தும் திரவத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள், பனிப்படிகங்கள் உயிரணுவைக் கிழித்துவிடும். முதல்முறை என்றால் இலை நல்ல தேர்வு. கங்கோங் கீரையின் இளம் இலையை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால், பசுங்கணிகத்தின் அடுக்குகளைப் பார்க்கலாம். இலைக்குள் காற்றிருப்பதால் துண்டுகள் திரவத்தில் மிதக்கும். மெல்லிய வெற்றிடத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றி, அவை அடியில் மூழ்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

தென்னை, செம்பனை ஓலைகளைக் கொண்டுவருவதாக இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றின் திசுக்களில் சிலிக்கா மணிகள் உண்டு, வைரக் கத்தியின் விளிம்பையே அவை பெயர்த்துவிடும். கண்ணாடிக் கத்தியை எடுத்து வைத்துக் காத்திருப்போம்.